மோண்டல்பானோ பார்ப்பவர்களும் பாதியில் விட்டவர்களும் என்னிடம் கேட்டவை

சிசிலியில் நடக்கும் அந்த இத்தாலிய போலீஸ் தொடரை ஆளாளுக்குப் பார்க்கச் சொல்லி நான் பல வருஷமாகத் தொல்லை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பார்த்தவர்கள் பதிலுக்கு எனக்குத் தொல்லை கொடுக்கிறார்கள், அதுவும் ஒரே கேள்விகளை. தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் போட்டு அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கடைசி இரண்டு கேள்விகளில் கதையின் முடிவு வருகிறது, முழுதாகப் பார்க்காதவர்கள் அதற்கு முன்னாலேயே நின்றுவிடுங்கள்.

"மொதல்ல இது என்ன சீரியல்? எத்தனை எபிசோடு? நூறு இருநூறுன்னா நான் வரலை."

பயப்பட வேண்டாம், மொத்தம் 37தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒண்ணே முக்கால் மணி நேரம் ஓடும் தனிப் படம். இத்தாலியின் அரசுத் தொலைக்காட்சியான ராயில் 1999 மே மாதம் தொடங்கி 2021 மார்ச்சில் முடிந்தது. 22 வருஷத்துக்கு 37 படம் என்றால் வருஷத்துக்கு இரண்டுகூட இல்லை, அதனால் அங்கே புதிய எபிசோடு வருகிற திங்கட்கிழமை ஒரு பண்டிகை மாதிரி. 2018-ல் ஒரு எபிசோடை ஒரு கோடியே பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே இரவில் பார்த்தார்கள். நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய ஆறு கோடிதான்.

மூலம் ஆந்த்ரேயா கமில்லேரி எழுதிய நாவல்களும் சிறுகதைகளும். இந்த வரிசையின் முதல் நாவல் 1994-ல் வந்தபோது அவருக்கு வயது 68. அதுவரை நாடகம், வானொலி, தொலைக்காட்சி என்று இயக்குநராக வாழ்நாளைக் கழித்தவர். நாயகனான போலீஸ்காரரின் சால்வோ மோண்டல்பானோ என்ற பெயர்கூட ஸ்பெயின் துப்பறியும் கதை எழுத்தாளர் மனுவேல் வாஸ்கெஸ் மோன்தல்பானுக்கு அவர் செய்த மரியாதைதான்.

"எதிலேருந்து ஆரம்பிக்கணும்? வரிசையா பார்த்தே ஆகணுமா?"

வழக்கு ஒவ்வொன்றும் தனி, அந்தந்த எபிசோடிலேயே முடிந்துவிடும். ஆனால் ஆட்களுக்கு வயதாகிறது, கல்யாணம் ஆகிறது, உறவு கசக்கிறது, அதனால் ஒளிபரப்பான வரிசையில் பார்ப்பதுதான் நல்லது. நாவல் வரிசையைப் பிடித்துக்கொண்டு குழம்பாதீர்கள். முதலில் படமானது மூன்றாவது நாவல், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தின்பண்டத்தைப் பறித்துத் தின்னும் துனீசியச் சிறுவன் ஃபிரான்ஸுவா வருகிற கதை. முதல் நாவல் அடுத்த வருஷம்தான் படமானது. அந்தச் சிறுவனை மறந்துவிடாதீர்கள், பின்னால் அவன் வேண்டியிருக்கும்.

"இவர் கமிஷனரா இன்ஸ்பெக்டரா? அப்புறம் ஏன் எல்லாரும் டாக்டர்னு கூப்பிடறாங்க?"

அதிகம் கேட்கப்படும் சந்தேகம் இதுதான். அவருடைய பதவி கொமிஸ்ஸாரியோ. அதைக் கேட்டதும் நம் ஊர் மாநகர போலீஸ் கமிஷனரை நினைத்துவிடுகிறோம், ஆங்கிலத்திலோ இன்ஸ்பெக்டர் என்று இறக்கிவிட்டார்கள். ஒரு சின்ன ஊரின் காவல் நிலையத்துக்குத் தலைவர், நம் டி.எஸ்.பி. அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு மேலே மாகாணத்துக்கு ஒரு க்வெஸ்தோரே உண்டு, மோண்டல்பானோவைக் கண்டாலே முகம் சுளிக்கும் அந்த ஆள் நம் எஸ்.பி. போல.

டாக்டர் விஷயம் சுலபம். இத்தாலியில் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கிய எவரையும் தொத்தோரே என்று மரியாதையாக அழைப்பார்கள். ஊசி போடுவதோடு சம்பந்தமே இல்லை. பிணப் பரிசோதனை செய்யும் பஸ்குவானோ மட்டும் நிஜமாகவே டாக்டர், அவரும் தொத்தோரேதான், இரண்டு பேரும் ஒரே காட்சியில் வந்தால் புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறுவது நியாயம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிணம் கிடைத்ததும் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து உத்தரவு போடுகிறாரே, அவர் அரசு வழக்கறிஞர். நம் நாட்டில் போலீஸ் விசாரித்து முடித்த பிறகுதான் வழக்கறிஞர் மேடைக்கு வருவார். அங்கே விசாரணையே அவர் பொறுப்பில்தான் நடக்கும். மோண்டல்பானோ அவருக்குத் தெரியாமல் ஒளித்து ஒளித்து வேலை பார்ப்பதன் சுவாரசியம் இது தெரிந்தால்தான் புரியும்.

"விகாத்தான்னு ஊர் மேப்புல இல்லையே?"

கதை நடக்கும் விகாத்தா கற்பனை ஊர். கமில்லேரி பிறந்த போர்த்தோ எம்பெதோக்ளேதான் அதற்கு அச்சு, பக்கத்து மோந்தெலூசா என்பது அக்ரிஜென்தோ. போர்த்தோ எம்பெதோக்ளேக்காரர்கள் 2003-ல் ஊர்ப் பெயரோடு விகாத்தாவையும் அதிகாரபூர்வமாகச் சேர்த்து, சில வருஷம் கழித்து எடுத்தும் விட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால் படப்பிடிப்பு அங்கே நடக்கவே இல்லை. சாலை வழியாக நூறு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போய் ரகூசா மாகாணத்தில் எடுத்தார்கள். காவல் நிலையமாக வருவது ஷிக்லி நகராட்சிக் கட்டடம். கடலைப் பார்த்த மொட்டைமாடியோடு இருக்கும் அந்த வீடு பூன்தா செக்கா என்ற மீனவக் கிராமத்தில் இருக்கிறது, இப்போது அது தங்கும் விடுதி. கடலோரத்தில் பாதி இடிந்து நிற்கும் அந்தப் பெரிய கட்டடம் சம்பியேரி பக்கத்திலுள்ள பழைய செங்கல் சூளை.

"ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்லையே, ஊரடங்கா?"

இல்லை, வேண்டுமென்றே அப்படி எடுத்தது. முதலிலிருந்து இயக்கிய அல்பெர்த்தோ சிரோனிக்குத் தெரு காலியாக இருக்க வேண்டும். 1693-ல் வந்த பூகம்பத்தில் அந்தப் பக்கத்து ஊர்கள் தரைமட்டமாகி, பிறகு மொத்தமாகத் திரும்பக் கட்டப்பட்டவை, அதனால்தான் ஷிக்லி, மோடிகா, ரகூசா எல்லாம் ஒரே கையில் செதுக்கிய மாதிரி தேன் நிறத்தில் இருக்கின்றன. நடுவில் ஒரு ஸ்கூட்டரையும் நாலு கேபிள் வயரையும் விட்டால் அந்த அழகு போய்விடும். முதல் இரண்டு எபிசோடில் எனக்கும் இது செயற்கையாகத்தான் பட்டது. பிறகு, கனவில் வரும் ஊரில் கூட்டம் இருக்காதே, அந்த மாதிரி பழகிவிட்டது.

ஊரடங்கு என்று விளையாட்டாகக் கேட்கிறீர்கள். 2020 மார்ச் 9-ம் தேதி இரவு ராயில் மோண்டல்பானோவின் புது எபிசோடு. அன்று இரவுதான் இத்தாலியப் பிரதமர் கொரோனாவுக்காக நாடு முழுவதற்கும் ஊரடங்கை அறிவித்தார். டி.வி.யில் அந்தக் காலித் தெருக்கள், மறுநாள் காலை ஜன்னலுக்கு வெளியேயும் அதே காலித் தெருக்கள்.

"ரொம்ப ஸ்லோ. பாதியிலே தூங்கிட்டேன்."

தூங்குங்கள், தப்பே இல்லை. அவர் காலையில் கடலில் நீந்தி, காபி போட்டு, பழைய ஃபியட் டிப்போவில் ஏறி ஆபீஸ் வந்து சேர்வதற்குள் நம் ஊர் படத்தில் இரண்டு கொலை விழுந்திருக்கும். சாட்சி சொல்ல வந்த கிழவி நேராக விஷயத்துக்கு வரமாட்டாள், முதலில் அவள் புருஷன் செத்த கதை, அப்புறம் மருமகள் கதை, நடுவில் எங்கேயோ கொலைக்கான துப்பு ஒன்று கிடக்கும், அதை அவர் மட்டும் பொறுக்கிக்கொள்வார். கிராமத்தில் பெரியவர்களிடம் ஒரு விலாசம் கேட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வேகம் புதிதல்ல.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: யார் கொலை செய்தது என்று கண்டுபிடிக்கத்தான் பார்க்கிறீர்கள் என்றால் இந்தத் தொடர் உங்களை ஏமாற்றும். முடிச்சுகள் சில எபிசோடில் பிரமாதம், சிலவற்றில் சுமார், இரண்டு மூன்றில் எனக்குக் கடைசிவரை யார் யாருக்கு மச்சான் என்றே புரியவில்லை. திரும்பத் திரும்பப் பார்க்க வைப்பது அந்த மனிதரும் அவரைச் சுற்றியுள்ள ஏழெட்டுப் பேரும்தான்.

"எப்பப் பார்த்தாலும் சாப்பிடறாரே, வேலை எப்போ பார்ப்பார்?"

சாப்பிட்ட பிறகுதான் பார்க்கிறார். கவனித்தீர்களா, சாப்பாட்டு மேஜையில் வழக்கைப் பற்றிப் பேச யாரையும் விடமாட்டார். அவருடைய துணை அதிகாரி மிமி வாய் திறந்தால் முறைப்பார். மத்தியானம் கடையில் மீன் தின்றுவிட்டு அலைதடுப்புச் சுவர் மேல் கடைசி வரை நடந்து போய் ஒரு பாறையில் உட்காருவார், மூளை வேலை செய்வது அங்கேதான்.

வீட்டில் சமைத்து வைத்துவிட்டுப் போகும் அதெலீனாவின் பிள்ளைகள் இருவரும் திருடர்கள், ஜெயிலுக்குள் போவதும் வருவதுமாக இருப்பவர்கள், அவர்களை உள்ளே தள்ளியதில் மோண்டல்பானோவுக்கும் பங்கு உண்டு. ஒரு எபிசோடில் புத்தாண்டுக்கு முந்தின இரவு இரண்டு பிள்ளைகளும் அபூர்வமாக வெளியே இருப்பதால் அந்தம்மா அரஞ்சீனி செய்யப்போகிறாள். ஆரஞ்சுப்பழ அளவில் சோற்று உருண்டை, உள்ளே கறியும் பட்டாணியும், மேலே ரொட்டித்தூள் புரட்டி எண்ணெயில் பொரித்தது. காதலி பாரிசுக்குக் கூப்பிடுகிறாள். அவர் யாரோடு புத்தாண்டு கொண்டாடினார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சோறு கண்ட இடம் சொர்க்கம்.

பசியோடு பார்க்காதீர்கள், இது அனுபவத்தில் சொல்வது.

"மூக்குக்கு மேல கோபம் வருது மனுஷனுக்கு. ஏன் எல்லார்கிட்டயும் கத்தறார்?"

கத்துவது அவருடைய ஆட்களிடம், மேலதிகாரிகளிடம், பணக்காரர்களிடம். வேலைக்காரப் பெண், மீனவர், அகதி, கிழவர் இவர்களிடம் குரல் உயர்ந்து நான் பார்த்ததாக நினைவில்லை. மோண்டல்பானோவாக நடிக்கும் லூக்கா ஸிங்கரெத்தி இதை வசனமே இல்லாமல் உடம்பிலேயே காட்டிவிடுகிறார், பெரிய மனிதர் வீட்டில் கால் அகட்டி நிற்பதும் ஏழை வீட்டில் நாற்காலி நுனியில் உட்காருவதும். அப்புறம் அவருக்குக் கீழே வேலை பார்க்கும் ஃபாட்சியோவிடம் கத்துவது கோபமே அல்ல. அவர் கேட்கும் ஒவ்வொரு விவரத்துக்கும் ஃபாட்சியோ "அதை ஏற்கெனவே செய்துவிட்டேன்" என்கிறார், அதைக் கேட்டால் எந்த மேலதிகாரிக்கும் எரியும்.

"கத்தரெல்லாவைப் பார்த்தா எரிச்சல். போலீஸ்ல இப்படி ஒரு கோமாளியா?"

கதவை மோதித் திறப்பது, பெயர்களைக் கடித்துக் குதறுவது, தொலைபேசியில் குழப்புவது: ஸ்டேஷனில் போன் எடுக்கும் இந்தக் காவலரை ஆரம்பத்தில் பாதிப் பேருக்குப் பிடிக்காது. சப்டைட்டில்தான் பெரும் குற்றவாளி. அவர் பேசுவது சிசிலிப் பேச்சும் அரசாங்க அலுவலக இத்தாலியனும் கலந்து உடைந்த ஒரு மொழி. "நீங்களே நேரில் நேரடியாகத்தானா?" என்கிற மாதிரி எதையும் இரண்டு தடவை சொன்னால்தான் அவருக்கு நிச்சயம் வரும். படிப்பு ஏறாத ஒருவர் அதிகாரியின் முன்னால் மரியாதையான மொழியில் பேச முயன்று தடுக்கி விழுவதை நம் தாலுகா ஆபீசிலும் பார்க்கலாம், அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வலியும் உண்டு. இதையே கம்ப்யூட்டர் பயிற்சிக்கு அனுப்பினால் ஸ்டேஷனிலேயே அதில் கெட்டிக்காரர் இவராகிவிடுகிறார். பத்தாவது எபிசோடில் அந்தக் கதவு மோதும் சத்தத்துக்குக் காத்திருப்பீர்கள்.

"போனை எடுத்தா 'மோண்டல்பானோ சோனோ'ங்கறாரே, அதுல என்ன விசேஷம்?"

சோனோ என்றால் "இருக்கிறேன்" என்கிற வினைச்சொல். புத்தக இத்தாலியனில் சோனோ மோண்டல்பானோ என்று வினை முன்னால் வரும். சிசிலிக்காரர்கள் அதைக் கடைசியில் கொண்டுபோய் வைப்பார்கள், அந்த இரண்டு சொல்லிலேயே ஆள் எந்த ஊர் என்று இத்தாலி முழுக்கத் தெரிந்துவிடும். வினையைக் கடைசியில் வைத்தே பழகிய நமக்கு "மோண்டல்பானோ பேசறேன்" என்று இயல்பாகக் காதில் விழுகிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஆங்கிலேயரைவிட நாம் கொடுத்துவைத்தவர்கள்.

"சிசிலின்னா மாஃபியா. எங்கே மாஃபியா? துப்பாக்கிச் சண்டையே இல்லையே."

இருக்கிறது, ஓரத்தில். சினாக்ரா, குஃபாரோ என்று இரண்டு குடும்பங்கள் ஊரைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். கிழட்டு சினாக்ராவின் வீடாக வருவது தொன்னஃபுகாத்தா கோட்டை, அந்தக் காட்சியில் ஒரு துப்பாக்கிகூட வெளியே வராது, ஆனால் வியர்க்கும். மாஃபியாக்காரனை நாயகனாக்க கமில்லேரிக்கு விருப்பமில்லை, அவனுக்கு ஓரத்து இடம் போதும் என்றே வைத்திருந்தார். எனக்கு அது சரி என்றுதான் படுகிறது, அந்த வகைப் படம் வேண்டுமானால் ஆயிரம் கிடக்கிறது.

"லிவியா மூஞ்சி மாறிக்கிட்டே இருக்கே, எத்தனை காதலிதான் இவருக்கு?"

காதலி ஒருத்திதான், நடிகைகள் மூன்று பேர். முதலில் நீண்ட காலம் கத்தரீனா பேம், அவருக்கு இத்தாலியனில் டப்பிங் குரல். 2013-ல் மட்டும் சுவீடனின் லீனா பெர்னெட். 2016 முதல் சோனியா பெர்கமாஸ்கோ. இதில் என் ஓட்டு பெர்கமாஸ்கோவுக்கு, ஏனென்றால் இத்தாலிய நடிகை தன் குரலில் சண்டை போட்டால்தான் சண்டை சண்டையாக இருக்கிறது. கத்தரீனா பேமைத் தவிர வேறு யாரையும் லிவியாவாக ஏற்காதவர்களும் நிறைய, அவர்களோடு வாதாடி ஜெயிக்க முடியாது.

"ஆனா லிவியா ஏன் எப்பவும் சண்டைக்கே நிக்கறா? எனக்கு அவளைப் பிடிக்கவே இல்லை."

அவள் பக்கம் உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள். வடக்கே ஜெனோவாவில் பொக்கதாஸ்ஸேயில் இருக்கிறாள், விமானம் ஏறி சிசிலிக்கு வருகிறாள், வந்த அன்றே அவருக்கு ஒரு பிணம் கிடைக்கிறது. கல்யாணம் என்றால் நழுவுகிறார். மேலே சொன்னேனே அந்தச் சிறுவன் ஃபிரான்ஸுவா, அவனை வளர்க்க லிவியா எவ்வளவு ஆசைப்பட்டாள். அது நடக்கவில்லை, அதில் அவர் பங்கு என்ன என்பதை முதல் எபிசோடிலிருந்தே கவனித்தால் தெரியும். பாரிசையும் அரஞ்சீனியையும் மறுபடி நினைத்துப் பாருங்கள். நானாக இருந்தால் இரண்டாவது எபிசோடிலேயே போனை வைத்திருப்பேன்.

"எபிசோடுக்கு ஒரு அழகி வந்து இவர் மேல விழறாளே, இது ஓவரா இல்லை?"

ஓவர்தான். இதற்கு நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை. சாட்சி சொல்ல வரும் பெண் அரைகுறை உடையில் கதவைத் திறப்பதும், மகள் வயதில் இருப்பவள் மயங்குவதும், மிமி பெண்கள் பின்னால் அலைவதை ஸ்டேஷனே சிரித்து ரசிப்பதும் அலுப்பூட்டுகின்றன. எழுதியவர் 1925-ல் பிறந்தவர் என்பது காரணமாகலாம், சமாதானமாகாது. விதிவிலக்கு இங்ரித். சுவீடன்காரி, பிரமாதமாகக் கார் ஓட்டுவாள், மோண்டல்பானோவுக்கு விஸ்கித் தோழி, அவளைப் பார்த்து ஊர் நினைப்பதற்கும் அவள் உண்மையில் இருப்பதற்கும் உள்ள தூரத்தை வைத்தே ஒரு முழு எபிசோடு ஓடுகிறது.

"இவர் செய்யறது சட்டப்படி சரியா? சாட்சியத்தை மறைக்கறார், பொய் சொல்றார்."

சரியில்லை, அதை அவரும் அறிவார். முதல் நாவலிலேயே இங்ரித் மேல் பழி விழாமல் இருக்க சாட்சியத்தில் கை வைக்கிறார். சிறுவன் கதையில் உளவுத்துறை அதிகாரியை மிரட்டிப் பேரம் பேசுகிறார். உன்னை நீயே கடவுளாகப் பதவி உயர்த்திக்கொண்டாயா என்ற பொருளில் லிவியா அவரைக் குத்துகிறாள், அதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை. தினமும் செய்தித்தாளில் போலீஸ் அத்துமீறலைப் படித்துக் கொதிக்கிற நான் இவர் செய்தால் மட்டும் கைதட்டுகிறேன், அது எனக்கே உறுத்துகிறது.

போலீஸ் தவறை இந்தத் தொடர் கண்டும் காணாமல் விட்டுவிடுவதும் இல்லை. 2001-ல் ஜெனோவாவில் ஜி-8 மாநாட்டுக்கு எதிராகப் போராடியவர்களை இத்தாலிய போலீஸ் தூங்கும் இடத்தில் புகுந்து அடித்தது. அதற்கு வெட்கப்பட்டு மோண்டல்பானோ ராஜினாமா செய்யக் கிளம்புகிற எபிசோடு 2005-ல் வந்தது.

"பின்னாடி வந்ததுல அகதி, அரசியல்னு ஜாஸ்தியாயிடுச்சே?"

2019-ல் வந்த, அகதிப் படகுகள் கரையேறும் எபிசோடைச் சொல்கிறீர்கள். இத்தாலியிலும் இதே புகார் எழுந்தது, அப்போது அங்கே துறைமுகங்களை மூடுவதுதான் அரசியலே. ஆனால் முதல் எபிசோடே துனீசியக் குடும்பத்தின் கதைதானே. ஆப்பிரிக்காவுக்கு இவ்வளவு அருகில் கடலோரத்தில் வேலை பார்க்கும் ஒரு போலீஸ்காரர் படகுகளைப் பார்க்காமல் இருந்திருந்தால்தான் விசித்திரம்.

"நாவல் படிச்சவங்க இவர் அந்த ஆளே இல்லைங்கறாங்க?"

நாவலில் தலை நிறைய முடி, மீசை, பிறந்த வருஷம் 1950. திரையில் மொட்டைத்தலை, மீசை இல்லை, தொடங்கும்போது வயது 37. தன் மனதில் இருந்த முகம் இதுவல்ல என்று கமில்லேரியே சொன்னவர், நடிப்பில் குறை சொல்லவில்லை. ரோமின் நாடகப் பள்ளியில் ஸிங்கரெத்திக்கு அவர் ஆசிரியராக இருந்தவர். படம் பார்த்துவிட்டு நாவலுக்குப் போன எனக்கு, எத்தனை முறை மீசை என்று எழுதியிருந்தாலும் மொட்டைத்தலைதான் வருகிறது.

"இளம் மோண்டல்பானோன்னு ஒண்ணு இருக்கே, பார்க்கலாமா?"

பார்க்கலாம், பெரியதில் ஒரு பத்தாவது முடித்த பிறகு. 2012, 2015 என்று இரண்டு பருவம், 12 எபிசோடு, மிக்கேலே ரியோந்தினோ நடித்தது. சுருட்டை முடியோடு இன்னும் முரட்டுத்தனமாக இருப்பார். கதை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடக்கிறது, கடைசி எபிசோடு 1992-ல் நீதிபதி ஃபல்கோனே குண்டு வைத்துக் கொல்லப்பட்ட நாளில் வந்து நிற்கும். மாஃபியா எங்கே என்று கேட்டவர்களுக்கு அங்கே பதில் இருக்கிறது.

"கடைசி எபிசோடு பார்த்துட்டு டி.வி.யை உடைக்கலாம்னு தோணுச்சு. ஏன் இப்படிப் பண்ணினாங்க?"

இத்தாலியிலும் அப்படித்தான் கொதித்தார்கள். அத்தனை வருஷக் காதலை ஒரு தொலைபேசி அழைப்பில் முறித்துக்கொண்டு, தடயவியல் பிரிவின் இளம் அதிகாரி அந்தோனியாவின் பின்னால் போகிறார். இது சீரியல்காரர்கள் கைச்சரக்கல்ல, 2018-ல் வந்த நாவலில் உள்ளதுதான். தனியாக எடுத்துப் பார்த்தால் வயதான ஆள் கிறுக்குப் பிடித்து அலைவதை ஸிங்கரெத்தி துணிந்து நடித்திருக்கிறார், கொஞ்சம் அசிங்கமாகத் தெரியவும் விட்டிருக்கிறார். ஆனால் அத்தோடு தொடர் நின்றுபோனதால் அதுவே முடிவாகிவிட்டது, என் கோபம் அங்கேதான்.

நின்றதற்குக் காரணம் உண்டு. 2019 ஜூலையில் கமில்லேரி போனார், மூன்று வாரத்துக்குள் இயக்குநர் சிரோனியும் போனார். டாக்டர் பஸ்குவானோவாக நடித்த மார்செல்லோ பெர்ராக்கியோ 2017-லேயே இறந்துவிட்டார். எடுக்க வேண்டியிருந்த கடைசி மூன்றையும் ஸிங்கரெத்தியே இயக்கி முடித்தார். நாவல் வரிசைக்கு கமில்லேரி 2005-லேயே ஒரு முடிவு எழுதிப் பதிப்பாளரிடம் பூட்டி வைத்திருந்தார், ரிக்கார்தீனோ, அவர் இறந்து ஒரு வருஷம் கழித்து 2020-ல் வெளிவந்தது. அது படமாகவில்லை.

"அப்போ அந்தக் கடைசி எபிசோடைப் பார்க்காமலே விட்டுடலாமா?"

தாராளமாக. என் அக்கா 36-ஓடு நிறுத்திக்கொண்டாள், அப்புறம் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டாள். அவளைப் பொறுத்தவரை லிவியா இன்னமும் ராத்திரி ஜெனோவாவிலிருந்து போன் பண்ணுகிறாள், அந்த ஆளும் வாயில் மீனை வைத்துக்கொண்டு எடுக்கிறார், இரண்டாவது நிமிஷத்தில் சண்டை.